அல்சீட் உட்கார்ந்து கொடுத்த படம்

மூச்சு விடுவதே முழுநேர வேலையாகிப் போனபிறகு அல்சீட் ப்ரேஷானால் வேறு எந்த வேலையும் செய்ய முடியவில்லை. அதற்கு முன்னால் அவன் எண்ணெய் ஆலையில் குழாய்களுக்கு உறை சுற்றுகிறவனாக இருந்தான். கொதிக்கக் கொதிக்க எண்ணெய் ஓடுகிற குழாய்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்ப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, மேலே துணி சுற்றி, கம்பி போட்டுக் கட்டுவார்கள். மத்தியானச் சங்கு ஊதும்போது மாவு மில்லிலிருந்து வருகிறவன் மாதிரி தலையிலிருந்து கால்வரை வெளுத்துப்போய் வெளியே வருவான். ஊரின் மேற்குப் பக்கத்தில், கறுப்பர்களான நாங்கள் இருந்த பகுதியில், பாதி ஆண்கள் அந்த வெள்ளையோடுதான் வீடு திரும்பினார்கள். பெண்கள் பின்கட்டிலேயே சட்டையைக் கழற்றி வாங்கி, வேலிக்கம்பியில் அடித்து உதறிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

நான் தப்பித்ததற்குக் காரணம் சாமர்த்தியம் இல்லை. இழுவைப் படகில் சமையல்காரனாகப் போய்விட்டேன். கால்வாயிலும் சபீன் ஏரியிலும் மிதந்தபடி மற்றவர்களுக்குச் சோறாக்கியே என் காலம் கழிந்தது. ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து எதிர்வீட்டைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயக் கூரை அதிரப் பாடின, சபையின் டீக்கனான அல்சீட், அஞ்சல் பெட்டி வரைக்கும் போய்விட்டு வருவதற்கு இரண்டு தடவை நின்று வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வழக்குப் போட்டுப் பார்த்தான். அவனுக்குச் சம்பளம் கொடுத்த ஒப்பந்தக்காரன் எப்போதோ கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தான். ஆலைத் தரப்பு வக்கீல், அல்சீட் வாலிபத்தில் சிகரெட் பிடித்ததைப் பற்றி மட்டும் பேசினார். நெஞ்சில் இருப்பது கல்நாரா புகையா என்று யார் கண்டது என்றார். வழக்கு நிற்கவில்லை.

"தோத்தது பரவால்ல வில்டன்," என்று என்னிடம் அல்சீட் சொன்னான். "என்னய ஒரு வார்த்த கேக்கல. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். இருமல் வந்துச்சு. இருமுற சத்தம் இடைஞ்சலா இருக்குதுன்னு என்னய வெளில உக்காரச் சொல்லிட்டாங்க. எதுக்காக வழக்கோ அதுவே அவங்களுக்கு இடைஞ்சலாப் போச்சு."

அவனுக்கும் அவன் மனைவி வெர்லிக்கும் ஒரே மகள், ஜொனெல். இறால் கொட்டகையில் தலை கிள்ளுகிற வேலை. விடியும்போதே படகுகள் வந்துவிடும். ஐஸில் கிடக்கிற இறாலை இரண்டு கையாலும் எடுத்துக் கிள்ளிக் கிள்ளிப் போட வேண்டும். முள் குத்தி அவள் விரல் நுனிகள் எப்போதும் சிவந்து வீங்கி இருக்கும். மத்தியானம் வந்து எலுமிச்சம்பழம் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கார் நிறுத்துகிற கூரைக்குக் கீழே போய்ப் படம் போட ஆரம்பிப்பாள். துணியில் போடுகிற படம் இல்லை. புயலில் இடிந்துபோன வீடுகளின் கதவுகளை நான் என் பிக்கப் வண்டியில் அள்ளி வந்து கொடுப்பேன். சுவருக்கு அடித்து மிச்சமான பெயிண்டை அங்கங்கே கேட்டு வாங்கி வைத்திருப்பாள். கதவின் மேல் அந்தப் பெயிண்டால், கொட்டகைப் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், வேலிக்கு அப்பால் எரிகிற ஆலைத் தீ என்று வரைந்துகொண்டே இருப்பாள்.

ஊரில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்த யோலாண்டாதான் வருஷா வருஷம் ஒரு கண்காட்சி நடத்த ஆரம்பித்தவள். ஜூன் மாதம், அடிமைத்தளை நீங்கியதைக் கொண்டாடுகிற எங்கள் விடுதலைத் திருநாள் வாரத்தில் நடக்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு எங்களைச் சேர்த்த வருஷத்தில் மூடிப் போட்ட எங்கள் பழைய பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, இன்னும் பெயர் வெளியே தெரியாத நம் பிள்ளைகளின் படங்களை மாட்டுவாள். "கறுப்புப் புள்ள வரையறதுக்குச் சுவர் தர மாட்டேங்கறான்னு அழுதது போதும். சுவர் நம்மகிட்டயே இருக்கு, சுண்ணாம்பு அடிச்சா ஆச்சு," என்பாள்.

அந்த வருஷம் ஜொனெலும் ஒரு பெரிய படம் தருவதாக ஒத்துக்கொண்டாள். யாரை வரைவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, "என்னயப் போடு," என்றான் அல்சீட்.

ஏப்ரல் கடைசியிலிருந்து தினமும் மத்தியானம் உட்கார்ந்தான். வெர்லி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருக்கிற நேரம் அது. அடுப்பங்கரையிலிருந்து ஒரு நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் பிராணவாயு உருளையை நிறுத்தி, மூக்கில் குழாயோடு, கை வைத்த பனியனோடு உட்காருவான். நான் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுபோவேன். வெண்டைக்காயும் நண்டும் போட்ட கும்போக் குழம்பு என்றால் இரண்டு கரண்டி உள்ளே போகும். மெல்லுவதற்கும் மூச்சு வேண்டுமே.

"சட்டை மாட்டிக்கிறீங்களா அப்பா?"

"மாட்டினா மூச்சு முட்டுது. இப்படியே போடு."

"குழாயக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கலாமா?"

"ஒதுக்கினா நீ பொணத்தத்தான் வரையணும்." சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. நாங்கள் இரண்டு பேரும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தோம். பிறகு, "குழாயும் வரட்டும் பாப்பா. இழுக்கறப்ப கழுத்துல குழி விழுது பாரு, அத விட்றாத," என்றான்.

"இந்தப் படத்தப் பாத்துட்டு சர்ச்சுல ஒரு விதவகூட உன்னயத் திரும்பிப் பாக்கப் போறதில்ல, டீக்கன்," என்றேன் நான்.

"நல்லதாப் போச்சு. வெர்லிக்கு ஒரு வேல மிச்சம்."

வெர்லிக்கு மட்டும் படத்தைக் காட்டவில்லை. முடியட்டும் என்று அல்சீட்தான் சொல்லிவைத்திருந்தான். அவள் வருகிற நேரத்துக்குக் கதவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார்கள். அவளும் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கொதிநீர் ஆவியில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு உட்கார்ந்தால் போதும்.

யோலாண்டா ஒருநாள் வந்து பார்த்தாள். "வாசலுக்கு நேரா இருக்கற சுவர் இதுக்குத்தான்," என்றாள். "ஹூஸ்டன்லேர்ந்து ஒருத்தர் வர்றார். வருஷத்துக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுப் போய், தங்க இடம் குடுத்து வரையச் சொல்றவரு. அவர் உள்ள நுழைஞ்சதும் டீக்கன் முகத்துலதான் முழிக்கணும்."

உண்மையிலேயே அந்தப் படத்தின் எதிரே நின்றால் நமக்கு மூச்சு திணறும். பனியனுக்கு மேல் துருத்திய எலும்புகள், கழுத்துக் குழி, குழாய், அந்தக் கண்கள். கண்கள் இரக்கம் கேட்கவில்லை. பதில் கேட்டன.

கண்காட்சிக்கு முந்தின வாரம் அல்சீட்டுக்குச் சளிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் சாயங்காலம் ஏரிப் பக்கத்திலிருந்து கருமேகம் திரண்டு வந்தது. சாய்வாக அடிக்கிற மழை. கூரைக்குக் கீழே இருந்ததையெல்லாம் உள்ளே தூக்கி வைக்க வெர்லி ஓடினாள். நானும் தெருவைத் தாண்டிப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த கதவை நான் ஒரு முனையில் பிடித்தேன், அவள் மறுமுனையில். திருப்பினோம். அவள் கையை விட்டுவிட்டாள். கதவு என் கால்மேல் விழாமல் நான்தான் சமாளித்தேன்.

ஜொனெல் நனைந்துகொண்டே வந்தாள்.

"இதத்தான் ஊர் பாக்க மாட்டப் போறியா?" என்று கேட்டாள் வெர்லி. குரலை உயர்த்தவில்லை.

"ஆமாம்மா."

"உங்கப்பா இந்த ஊர்ல ஒருநாளாவது சட்ட போடாம வாசல் தாண்டியிருக்காரா? குழாய் வேல பாத்த மனுஷன், ஞாயித்துக்கிழமை கோட்டுப் போட்டு வெளில வந்தா பேங்க்காரன் மாதிரி இருப்பார். அந்தச் சட்டைக்கெல்லாம் கஞ்சி போட்டுத் தேச்சது யாரு?"

"அவர் இப்ப அப்படி இல்லம்மா."

"இல்லன்னு எனக்குத் தெரியாதா? நாந்தான் குளிப்பாட்டறேன்." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். "எங்கம்மா பருத்திக்காட்டுல இருந்தப்ப வெள்ளக்காரங்க கேமராவத் தூக்கிட்டு வருவாங்களாம். எங்கம்மா உள்ள ஓடிப்போய் நல்ல பாவாடையக் கட்டிட்டு வந்தா, வேணாம் வேணாம், அந்தக் கிழிஞ்சதையே போட்டுக்கன்னு சொல்லுவாங்களாம். நம்மள அலங்கோலமாப் பாக்கறதுக்கு இந்த நாட்டுல ஆளா இல்ல ஜொனெல்? அதுக்கு என் வயித்துல பொறந்தவளும் ஒருத்தி வேணுமா?"

வெர்லி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வெர்லி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உங்கப்பாகிட்டக் கேட்டுட்டேன். அவருக்கும் அப்படித் தெரிய இஷ்டம் இல்ல," என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஒரு எட்டுப் போய் நீயே கேட்டுட்டு வந்துடேன்," என்று அடுத்த நாள் ஜொனெலிடம் தனியாகச் சொன்னேன்.

"காலைல போனேன் மாமா. முகம் பூரா மாஸ்க். பேச விட மாட்டேங்கறாங்க. பேசினா மூச்சு கீழ போயிடுது. அவருக்கு வெக்கமா இருக்குதுன்னு தெரிஞ்சப்புறம், மறுபடி அதையே கேட்டு நோகடிக்கணுமா? என்னயப் பாத்துச் சும்மா சிரிச்சுட்டே இருந்தார். எனக்காக இத்தன நாள் மனசுல அடக்கிட்டு உக்காந்திருந்திருக்கார்."

வேறு படம் மாட்டலாம் என்றால், அந்த அளவில் அவளிடம் வேறு எதுவும் இல்லை. அந்தக் கதவின் மேலேயே வேலை செய்தாள். கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டாள். பனியனை மூடி வெள்ளைச் சட்டை வந்தது. எலும்பை மூடிச் சந்தனநிறக் கோட்டு வந்தது. குழாயை அழித்து மீசையைத் திருத்தினாள். கழுத்துக் குழியில் டையின் முடிச்சு வந்து உட்கார்ந்தது. கண்ணை மட்டும் எப்படி மாற்றுவது என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் இமையைக் கொஞ்சம் இறக்கி, ஓரத்தில் ஒரு சுருக்கம் போட்டாள். சிரிக்கிற மாதிரி ஆயிற்று. வெர்லி பார்த்துவிட்டு மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இதுதான் நான் கல்யாணம் பண்ணின ஆளு," என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாட்டுகிற அன்றைக்குப் படத்தைப் பார்த்த யோலாண்டா என்னைத்தான் முறைத்தாள். "எங்க அது?" என்றாள். சொன்னேன். வேறு ஒன்றும் கேட்காமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் அதே சுவரில் மாட்டினாள்.

கண்காட்சி தொடங்குகிற நாளில் அல்சீட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். படுக்க மாட்டேன் என்றான். "எனக்காகத்தானே எல்லாம். கூட்டிட்டுப் போங்க." வெர்லி அந்தச் சந்தனநிறக் கோட்டையே போட்டுவிட்டாள். இரண்டு அல்சீட்டை உள்ளே வைக்கலாம் போலத் தொங்கியது. சக்கர நாற்காலியின் பின்னால் உருளையைக் கட்டினோம்.

கூடத்தில் நல்ல கூட்டம். விசிறிகள் சுற்றின, ஆனாலும் வேர்வை நிற்கவில்லை. வாசலில் சிவப்புச் சோடாவும் தர்பூசணியும் வைத்திருந்தார்கள். பின்பக்கம் யாரோ பன்றிவிலா சுட்டுக்கொண்டிருந்த புகை உள்ளே வந்தது. அதில் அல்சீட் இருமினான். லாரி ஓட்டுகிற பெண் ஒருத்தி தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள் ஒரு பக்கம் தொங்கின. சிறையிலிருந்து வந்த ஒருவர் சோப்புக் கட்டியில் செதுக்கிய முகங்கள் இன்னொரு பக்கம். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் நேர்ச்சுவருக்கு முன்னால் நிறுத்தினேன்.

"டீக்கன், அப்படியே உரிச்சு வச்சிருக்கா உங்க பொண்ணு," என்று யாரோ தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அல்சீட் பார்த்துக்கொண்டே இருந்தான். படத்தில் நெஞ்சு நிறைந்த மனிதன் அதே கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யாரு இது?" என்றான்.

"நீதான் அல்சீட்," என்றாள் வெர்லி.

"நாந்தான். எப்ப இருந்த நான்?" மூச்சு இழுத்துக்கொண்டான். "பாப்பா. நான் உக்காந்தேனே. அது எங்க?"

ஜொனெல் குனிந்து அவன் முகத்துக்கு நேராக வந்தாள். "இதுக்கு அடியிலதான் இருக்கு அப்பா. நீங்கதானே வேணாம்னீங்க."

"நானா?"

அவன் வெர்லியைப் பார்த்தான். வெர்லி அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனாள். பிறகு கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஊருக்கு நீ நல்லபடியாத்தானே தெரியணும்னு கேட்டேன். நீ தலையாட்டினியே," என்றாள்.

"நீ என்ன கேட்டாலும் தலையாட்டுவேன் வெர்லி. மாஸ்க் போட்டிருந்தாங்க." ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "கோர்ட்டுல வெளில உக்கார வச்சாங்க. இங்க உள்ளயே கூட்டிட்டு வந்து மூடிட்டீங்க. நான் செத்தது எதனாலன்னு காட்டறதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"நீ இன்னும் சாகல," என்றாள் வெர்லி.

அவன் வீட்டுக்குப் போகலாம் என்று எனக்குக் கையைக் காட்டினான். நாற்காலியைத் திருப்பும்போது ஹூஸ்டன்காரர் யோலாண்டாவோடு வந்தார். படத்தைப் பார்த்து, நல்ல வேலை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, போர்வைகள் பக்கம் போனார். போர்வை தைத்தவளைத்தான் அந்த வருஷம் கூட்டிக்கொண்டு போனார். அவளும் தகுதியானவள்தான்.

மறுநாளே ஜொனெல் கதவை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் பஞ்சை நனைத்து, நெற்றி வேர்வை சொட்டச் சொட்டத் தேய்த்தாள். கோட்டு கரைந்தது. கூடவே பனியனும் கரைந்தது. இரண்டுக்கும் ஒரே பெயிண்ட். எலும்பும் குழாயும் கோட்டின் நிறமும் ஒன்றாகக் குழம்பிக் கதவில் வழிந்து இறங்கின. அவள் நிறுத்தாமல் தேய்த்தாள். விரல் வெடிப்புகளில் தின்னர் பட்டு எரிந்திருக்க வேண்டும். நான் கையைப் பிடித்து நிறுத்தும்போது கதவின் மரமே தெரிந்துவிட்டது.

மறுபடி உட்காருவதாக அல்சீட் ஒப்புக்கொண்டான். "வா பாப்பா, இன்னொண்ணு போட்டுடலாம்," என்றான். அவன் யார்மேலும் கோபத்தை வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வேறு கதவு கொண்டுவந்தேன். இந்தத் தடவை வெர்லியும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே நின்றாள். நாற்காலியில் உட்கார வைத்தோம். ஜொனெல் முதல் கோடு இழுப்பதற்குள் அவன் தலை தொங்கிவிட்டது. அதற்குப்பின் படுக்கைதான். ஜூலை முழுக்க வெயில் கொளுத்தியது. ஆகஸ்டில், ஏதோ புயல் நம் பக்கம் வரப் போகிறது என்று எல்லாரும் ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பலகை அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அல்சீட் போய்விட்டான். புயல் வரவில்லை.

சவ அடக்கக் கூடத்துக்காரர் உடலுக்குப் போட வெர்லியிடம் துணி கேட்டார். நான் கூடவே இருந்தேன்.

"பனியனோட வைக்க முடியுமா?" என்று கேட்டாள் வெர்லி. "மூக்குல குழாயோட."

அவர் நல்ல மனிதர், எங்கள் சபைக்காரர்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "துக்கத்துல என்னென்னவோ தோணும் சிஸ்டர். டீக்கன அப்படி அனுப்புவமா? நீங்க கவலயே படாதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். கோட்டுக்குள்ளே பஞ்சு வைத்து நெஞ்சை நிரப்பியிருந்தார்கள். கன்னத்துக்கும் என்னவோ செய்திருந்தார்கள். திறந்த பெட்டியின் முன்னால் சபை முழுவதும் வரிசையாக வந்தது. எவ்வளவு அழகா இருக்கார் பாரு என்றார்கள். சீக்காளி மாதிரியே இல்ல, தூங்கற மாதிரி இருக்கு என்றார்கள். ஆலையில் மேஸ்திரியாக இருந்த கிழவர்கூட வந்து, அப்படியே பழைய அல்சீட் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ஜொனெல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் வெர்லி நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தாள்.

"கல்நாரு சிஸ்டர். நெஞ்சு பூரா கல்நாரு. அதுலதான் செத்தார்."

"கர்த்தர் சித்தம் வெர்லி."

"சித்தமில்ல, கல்நாரு. கழுத்துல இந்த இடத்துல குழி விழும். இங்க. கை வச்சுப் பாருங்க."

"நீ ஏதாவது சாப்டியா?" என்று கேட்டார்கள். அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வரிசை தீர்ந்த பிறகும் அவள் தன் தொண்டையில் விரலை வைத்தபடி அங்கேயே நின்றாள். அடுத்து யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.